அரிசி மணியால் சோதித்த தராசு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். நீ சிரித்தாய். "ஒரு பிறெஸ் வாங்கிறதுக்கு என்ன யோசனை அப்பா? வந்து பாத்துச் சொல்லுங்கோ. உங்கட கண்தானே கண்" என்றாய். அந்தக் கடைசி வசனத்தை உன்னால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாய் தவறி வந்ததா, நடந்ததை மறந்துவிட்டாயா, அல்லது எனக்கு ஒன்றும் தெரியாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாயா? அதனால்தான் எழுதுகிறேன். ரெலிபோனில் என்றால் நீ இடையில் ஏதாவது சொல்வாய், நானும் வழக்கம்போலப் பாதியில் விட்டுவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நீயும் மருமகளும் ஹம்பேர்க் பக்கம் வீடு மாறிப் போவது எங்களுக்குச் சந்தோஷந்தான். வேலை நல்ல வேலை. வீடும் வடிவாக இருக்கிறது என்று அம்மா படங்களைப் பார்த்துச் சொன்னா. வீட்டுக்குக் கீழே இருக்கிற கெல்லர் அறை பெரிது, ஈரம் இல்லை, தனிப் பூட்டுப் போடலாம் என்றாய். தோட்டா செய்யும் பழைய பிறெஸை யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்றும், ஒரு தரம் கைபிடியை இழுத்தால் நாலு வேலை ஒன்றாக நடக்கும் பெரிய பொறி வாங்கப் போகிறாய் என்றும் சொன்னாய். கடைசியாக, "அந்தப் பழைய தராசை எறிஞ்சு விடுங்கோ அப்பா, இனி அது வேண்டாம்" என்றாய். நான் எறியவில்லை. இதை எழுதும்போது அது எனக்கு முன்னால் மேசையில்தான் இருக்கிறது.

நீ சுடுகழகத்தில் சேர்ந்த காலத்தை நினைத்துப் பார். உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் ஹோர்ஸ்ட். அடுத்த வீதியில் இருந்த மனிசன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் இல்லாதவர். அம்மா ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தனாங்கள். இவன் காசு குடுத்து அந்தச் சத்தத்தை வாங்கிறான்" என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. ஹோர்ஸ்ட் தானாக வீட்டுக்கு வந்தார். கோப்பி குடித்துவிட்டு, சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு கடதாசி இலக்கை எடுத்து மேசையில் விரித்தார். நடுவில் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் ஓட்டைகள். "இவ்வளவு காலத்தில் நாங்கள் கொன்றதெல்லாம் இதைத்தான்" என்றார். நீ மொழிபெயர்த்தாய். அம்மா வெங்காயம் உரித்தபடியே, "கடதாசியைக் கொல்ல ஏன் இவ்வளவு சத்தம் எண்டு கேள்" என்றா. நீ அதையும் மொழிபெயர்த்தாய். ஹோர்ஸ்ட் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா உன்னை மறிக்கவில்லை.

ஆனால் என்னை மாற்றியது ஹோர்ஸ்ட் அல்ல. சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அழுத்திப் பழைய வடிவத்துக்கு எடுத்து, புது வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே புது ரவையை வைத்துத் தோட்டாவாக்கலாம் என்று நீ விளங்கப்படுத்திய நாள்தான் நான் மாறினேன். கடையில் வாங்கும் தோட்டா ஆயத்தச் சட்டை போல, வீட்டில் செய்வது அந்தந்தத் துவக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல என்றாய். நல்ல உதாரணம். நான் சொல்லியிருந்தாலும் அதைவிடத் திறமாகச் சொல்லியிருக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனமும் பௌதிகமும் படிப்பித்தவன். இங்கே வந்து ஓய்வு எடுக்கும்வரை செய்தது தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆய்வுகூடம் என்ற ஒன்று என் வாழ்க்கையில் முடிந்துபோனது என்றே நினைத்திருந்தேன். நீ "மருந்தைச் சரியா நிறுக்க வேணும் அப்பா" என்றபோது எனக்குள் ஏதோ எழும்பி உட்கார்ந்தது. அரசாங்க அனுமதிக்கு நீ பரீட்சை எழுதினாயே, அந்தப் பாடங்களைக் குசினி மேசையில் என்னோடு இருந்துதான் படித்தாய். உன் மீசை வளர்ந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரு மேசையில் அவ்வளவு நேரம் இருந்தது அப்போதுதான்.

மார்க் போய் யூரோ வந்த புதிதில், டோர்ட்முண்டுக்கு அங்கால் இருந்த கடைக்கு உன்னோடு சாமான் பார்க்க வந்தேன். வாசலுக்குள் போனவுடனே உன் கண் பெரிய பொறியில் போய் நின்றது. கோதை வடிவாக்குவது, மருந்து விடுவது, ரவை வைப்பது எல்லாம் சுற்றிச் சுற்றித் தானாகவே நடக்கும் என்று கடைக்காரர் இழுத்துக் காட்டினார். நான் ஒரு தட்டு மட்டும் உள்ள சாதாரண பிறெஸைக் காட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு கோது, ஒரு கோதுக்கு ஒரு வேலை.

"அப்பா, இதிலை ஒரு பெட்டி முடிக்க ஒரு பின்னேரம் போயிடும்."

"போகட்டும். எங்களிட்டைப் பின்னேரத்துக்குப் பஞ்சமே?"

பிறகு தராசு. மின் தராசு ஒன்றும், கம்பியில் குதிரை என்ற சின்ன எடை ஓடும் பழைய மாதிரித் தராசு ஒன்றும் கடைக்காரர் மேசையில் வைத்தார். நான் சட்டைப் பையில் இருந்த கடதாசிச் சரையை அவிழ்த்து ஒரு அரிசி மணியை எடுத்தேன். உனக்கு முகம் சிவந்துபோனது. "அப்பா, விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று மெல்லச் சொன்னாய். மின் தராசில் அதே அரிசியை இரண்டு தரம் வைத்தேன், இரண்டு எண் காட்டியது. வாசல் கதவு திறந்து மூடியபோது மூன்றாவது எண்ணும் வந்தது. எல்லா மின் தராசும் அப்படி என்று நான் சொல்லவில்லை, அன்று அந்த மேசையில் இருந்தது அப்படி. கம்பித் தராசில் வைத்தேன். முள் மெல்ல எழும்பி ஓரிடத்தில் நின்றது. எடுத்தேன், பூச்சியத்துக்குத் திரும்பியது. திரும்ப வைத்தேன், அதே இடம். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ்மதியா?" என்று கேட்டார். "இல்லை, புழுங்கல் அரிசி" என்றேன். நீயும் சிரித்துவிட்டாய். அந்தத் தராசைத்தான் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து மேசையைக் கெல்லர்ச் சுவரோடு திருகிப் பூட்டிய அன்று நான் உன்னிடம் ஒரேயொரு வாக்கு வாங்கினேன். மருந்தை அளந்து விடும் கருவி ஒன்றும் வாங்கியிருந்தாய், கைபிடியைச் சுற்றினால் ஒரு அளவு விழும். அதைப் பார்த்து நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அது எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் சுண்டுப் பேணி போன்றது. சுண்டைத் தட்டி நிரப்பினால் கூடப் பிடிக்கும், தட்டாமல் நிரப்பினால் குறையப் பிடிக்கும், அவசரத்தில் நிரப்பினால் என்ன பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. சோற்றுக்கு அது போதும், தோட்டாவுக்குப் போதாது. "சுண்டாலை அளந்ததைத் தராசிலை வைக்காமல் கோதுக்குள்ளை போடமாட்டன் எண்டு சொல்லு" என்றேன். "ஓம் அப்பா, சத்தியமா" என்றாய். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் கெல்லருக்குள் இறங்கித் தராசை மட்டம் பார்த்துப் பூச்சியத்தில் வைத்துவிட்டு வருவேன். மருந்துக்கோ தோட்டாவுக்கோ நான் கை வைத்ததில்லை, அது உன் அனுமதி, உன் வேலை. தராசு மட்டும் என் வேலை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கோடையில் ஊன்ட்றொப் கோயில் தேருக்கு அம்மாவும் நானும் வெள்ளிக்கிழமையே போய்விட்டோம். கழகத்தில் போட்டி வருகிறது, வர ஏலாது என்று நீ நின்றுவிட்டாய். ஹோர்ஸ்ட் தனக்கும் ஒரு பெட்டி தோட்டா வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் திரும்பி வந்தபோது நீ செய்து முடித்த பெட்டி அவரிடம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, பயிற்சியில், ஹோர்ஸ்டின் துவக்குக்குள் உன் தோட்டா ஒன்று கோதோடு வெடித்துப் பின்பக்கத்தால் நெருப்பாக வந்தது. கண்ணாடி கண்ணைக் காப்பாற்றியது. கன்னம் கிழிந்தது. வலது காது கேட்காமல் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று நீ எனக்கு ரெலிபோன் எடுத்தாய். "அப்பா, தராசு பிழை காட்டியிருக்குப் போலை. நீங்கள் கடைசியா எப்ப பூச்சியம் வைச்சனீங்கள்?" என்று கேட்டாய்.

"வியாழக்கிழமை."

"அப்ப அதுதான்" என்றாய்.

அப்ப அதுதான். தம்பி, அந்த இரண்டு சொல்லையும் நான் முழுதாக நம்பினேன். எத்தனையோ வருடம் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தராசு பழக்கியவன், ஒரு மனிசனின் காதைப் பறித்துவிட்டேன் என்று நினைத்தேன். முள்ளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேனோ, கண் மங்கிவிட்டதோ, மேசை சாய்ந்திருந்ததோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரிடம், எனக்குக் கண் சரியில்லை, இனி வகுப்பு எடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கதை எனக்கு முன்னமே அவர்களிடம் போயிருந்தது.

கண் வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்துத் தந்தவன் நீ. காரில் கூட்டிக்கொண்டு போனவனும் நீ. நான் உள்ளே எழுத்துகளை வாசித்தேன், கடைசி வரிவரைக்கும் வாசித்தேன். உங்கள் வயதுக்கு இது மிக நல்ல பார்வை என்றார் அந்தப் பெண் வைத்தியர். வெளியே நீ கதிரையில் இருந்து ஒரு சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாய். "கண்ணிலை ஒண்டும் இல்லையாம்" என்றேன். நீ காரை எடுத்தாய். சிவப்பு விளக்கில் நின்றபோது என் முழங்காலில் தட்டி, "வயசு போனால் கை கொஞ்சம் நடுங்கும் அப்பா. கவலைப்படாதேங்கோ. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லேல்லை" என்றாய். நான் என் கைகளைப் பார்த்தேன். அவை நடுங்கவில்லை. ஆனாலும் உன்னை நம்பினேன், என் கைகளை நம்பவில்லை.

சில கிழமை போக ஹோர்ஸ்டைப் பார்க்கப் போனேன். பிழை செய்தவன் வெறுங்கையோடு போகக் கூடாது. அம்மாவிடம் றோல்ஸ் பொரித்துத் தரச் சொல்லிக் கொண்டுபோனேன். வாசலில் நின்றபடியே, பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் கட்டிப் பார்த்த ஜேர்மன் வசனத்தைச் சொன்னேன். என் தராசால் உங்களுக்குக் காயம், என்னை மன்னியுங்கள் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினார். நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"உள்ளே வாருங்கள், முதலில் இருங்கள்" என்றார். றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "கழகக் கூட்டத்தில் உங்கள் மகன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவர் அந்தத் தராசில் ஆசையாக இருந்தார், நான் தடுத்திருக்க வேண்டும், தயவுசெய்து அவரைக் குறை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை உங்களுக்கு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவர் சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னார். மிச்சத் தோட்டாக்களை அவருக்குத் தெரிந்த துவக்குத் திருத்துபவர் ஒவ்வொன்றாகத் திறந்து மருந்தை நிறுத்துப் பார்த்தாராம். "ஒன்றில் கூட, அடுத்ததில் குறைய, அடுத்தது சரி, அதற்கடுத்தது மிகவும் கூட. பகடை உருட்டியது மாதிரி. பழைய தராசுகள் இப்படித்தான் செய்யுமாம்" என்றார்.

நான் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

நீ ஆறாம் வகுப்பில் படித்தபோது, முனை உடைந்த ஒரு அடிமட்டத்தை உன்னிடம் தந்து குசினி மேசையை அளக்கச் சொன்னேன். நீ அளந்தாய். அம்மாவும் அளந்தா. நானும் அளந்தேன். மூவருக்கும் ஒரே விடை, மூன்றும் ஒரே அளவு பிழை. பிறகு நல்ல அடிமட்டத்தைத் தந்து, ஓடிக்கொண்டே அள என்றேன். நீ மேசையைச் சுற்றி ஓடி ஓடி அளந்தாய், ஒவ்வொரு தரமும் வேறு வேறு விடை. உனக்கு ஒரே சிரிப்பு. "இப்ப சொல்லு, கருவி பிழையெண்டால் எப்பிடித் தெரியும், ஆள் பிழையெண்டால் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். நீதான் சொன்னாய்: "கருவி பிழையெண்டால் எல்லாம் ஒரே மாதிரிப் பிழைக்கும். ஆள் ஓடினால் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிப் பிழைக்கும்." அந்த விடைக்கு நான் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டிருப்பேன், உன்னைப் போல ஒருவரும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

பூச்சியம் தவறிய தராசில் நிறுத்திருந்தால் எல்லாத் தோட்டாவிலும் ஒரே அளவு கூடியிருக்கும், அல்லது ஒரே அளவு குறைந்திருக்கும். தராசு பகடை உருட்டாது. உருட்டுவது சுண்டு, அதுவும் அவசரத்தில் சுற்றிய சுண்டு. நீ தராசைத் தொடவேயில்லை.

ஹோர்ஸ்டிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பியைக் குடித்து முடித்தேன், கை குலுக்கினேன், பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து நேரே கெல்லருக்குள் இறங்கித் தராசை மேலே கொண்டுவந்தேன். படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. அரிசி மணி ஒன்றை வைத்தேன், டோர்ட்முண்டில் நின்றதுபோலவே முள் எழும்பி நின்றது. அம்மா அடுப்படியில் நின்றா.

"அவன் தராசிலை நிறுக்கேல்லை" என்றேன்.

"தெரியும்" என்றா.

"என்ன தெரியும்?"

"தேருக்குப் போற அண்டு தராசு மூடுற துணியைத் தோய்ச்சு, நான்தான் கட்டி வைச்சனான். வந்து பாக்க என்ர முடிச்சு அப்பிடியே கிடந்தது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவ அடுப்பைக் குறைத்தா. "அவன்ர அனுமதி போயிடும். கழகத்திலை முகம் குடுக்க ஏலாது. உங்களுக்கு என்ன போகப்போகுது, நீங்கள் ரிட்டயர் பண்ணின ஆள்தானே" என்றா.

அம்மாவை இதற்காக நீ ஒன்றும் கேட்காதே. அவ ஒரு தாயாக யோசித்தா, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர், அதைச் சுமக்கிறவன் நான் ஒருவன் மட்டும். எனக்கு என்ன போனது என்று அவவுக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை போனது. ஒரு பிள்ளை கணக்குப் பிழைத்து என் முகத்தைப் பார்க்கும்போது, பிழையைத் தேடு, அது எங்கேயோ இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லும் உரிமை போனது.

நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். தீபாவளிக்கு வந்தாய், சொல்லவில்லை. உன் கலியாணத்துக்கு முதல் நாள் என்னோடு தனியே நடக்க வந்தாய், ஏதோ சொல்ல வாயெடுத்தாய், பிறகு மண்டபத்துக்குக் கதிரை காணாது என்று சொன்னாய். அடுத்த வருடம் ஊன்ட்றொப்பில் அன்னதான வரிசையில் நின்றோமே, நினைவிருக்கிறதா? சோறு போட்டுக்கொண்டு நின்ற உன் சிநேகிதன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "மாஸ்டர், அளவாத்தான் போடுறன், தராசு கொண்டுவந்திடாதேங்கோ" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனில் எனக்குக் கோபம் இல்லை, அவன் அறிந்த கதை அவ்வளவுதான். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் கையில் இருந்த தட்டைப் பார்த்தபடி சிரித்தாய். கூட்டத்தில் நீ என்னைக் காட்டிக் கொடுத்ததைப் பயம் என்று எடுத்துக்கொள்ளலாம். காரில் முழங்காலைத் தட்டியதையும் அந்தப் பயத்தின் மிச்சம் என்று தள்ளிவிடலாம். அந்தச் சிரிப்பை எங்கே தள்ளுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கோபத்தில் பாதிப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் ஆசிரியன் அல்ல, அதனால் முழுதாகவே சொல்கிறேன். பொறிக்கு முதல் மேசையைப் பார். கனமான மேசையாக இருக்க வேண்டும், சுவரோடு பூட்ட வேண்டும், ஆடும் மேசையில் எவ்வளவு நல்ல சாமானும் பொய் சொல்லும். வெளிச்சம் இரண்டு பக்கத்தாலும் வரட்டும். பெரிய பொறி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது நல்ல பொறிதான், ஆனால் நாலு வேலை ஒன்றாக நடக்கும்போது நாலையும் பார்க்கும் ஆளுக்குச் செய்த பொறி அது. நீ அந்த ஆளா என்று உன்னையே கேள். இல்லையென்றால் ஒரு தட்டுப் பிறெஸே வாங்கு. மருந்து போட்ட கோதுகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் பலகை வாங்கு. ரவை வைக்க முதல் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்க்கலாம், மட்டம் ஏறியிறங்கி இருந்தால் கண்ணுக்கே தெரியும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரேயொரு மருந்துப் போத்தல்தான் இருக்க வேண்டும். வானொலி வேண்டாம், ரெலிபோன் மேல் மாடியில் இருக்கட்டும். இனி இன்னொருவருக்காக ஒரு தோட்டாவும் செய்யாதே. பிள்ளை பிறந்தால் அந்தக் கெல்லர்த் திறப்பு உன் இடுப்பை விட்டு எங்கும் போகக் கூடாது. மின் தராசு இப்போது நல்லதாக வருகிறது என்று கேள்வி. வாங்கு. ஆனால் எந்தத் தராசை வாங்கினாலும் படிக்கல்லும் சேர்த்து வாங்கு, ஒவ்வொரு தரமும் வைத்துப் பார். தராசைச் சந்தேகிப்பது தராசுக்கு அவமரியாதை இல்லை. சோதிக்காமல் அதன் தலையில் பழியைப் போடுவதுதான் அவமரியாதை.

சாமான் பார்க்கக் கடைக்கு வருகிறேனா என்று கேட்டாய். இப்போதைக்கு வரமாட்டேன். என் கண்தான் கண் என்று நீ எனக்குச் சொல்லிப் பயனில்லை, அதை ஹோர்ஸ்டிடம் சொல். நீட்டி முழக்கி விளக்கம் வேண்டாம். தராசில் பிழையில்லை, நான் நிறுக்கவில்லை என்று சொன்னால் போதும், ஜேர்மன் மொழியில் அது மிகச் சின்ன வசனம். பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கழகத்துக்குத் தெரியவரும், அனுமதி தந்த கந்தோருக்கும் போகலாம், உன் அனுமதியைப் பறிக்கலாம், ஹம்பேர்க்கில் கெல்லர் வெறுமையாகக் கிடக்கலாம். கிடக்கட்டும். அந்த மனிசன் தன் காதைப் பறித்தது ஒரு கிழவனின் கை நடுக்கம் என்று நினைத்து என்னை மன்னித்து வைத்திருக்கிறார். எனக்குச் சேராத மன்னிப்பை நான் எவ்வளவு காலம் வைத்திருப்பது? நானே போய்ச் சொல்லலாம், அவர் நம்பவும் கூடும். ஆனால் நான் சொன்னால் அது உன்னைப் பற்றிய முறைப்பாடாகிவிடும். நீ சொன்னால்தான் அது உண்மையாக இருக்கும்.

தராசை அம்மா கழுவி வைத்த துணியால் மூடிக் கட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை முடிச்சு நான் போட்டது. ஹோர்ஸ்ட் வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வந்தாய் என்றால் நீயே அவிழ்க்கலாம், பிறகு டோர்ட்முண்ட் என்றாலும் ஹம்பேர்க் என்றாலும் உன்னோடு வருகிறேன், அரிசிச் சரையோடு.

வீடு மாறுகிற கிழமைக்கு முன்னம் போ. சாமான் ஏற்றின பிறகு மனம் போகவிடாது. அவர் பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பார். வாசலில் நின்று சொல்லாதே, அவருக்குக் கேட்காது, எனக்கு நடந்ததுபோல இரண்டு தரம் சொல்ல வேண்டி வரும். உள்ளே போய், அவருக்கு இடது பக்கமாக இருந்து சொல்.

அப்பா